ராத்திரியும் டூட்டிதான்

(வீட்டில் நோயாளிகளைப் பராமரிக்கும் தொழிலாளர்கள் குறித்துச் சென்னையில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இந்த அரங்குக்கு வரும் வழியில் மின்கம்பங்களிலும் பஸ் ஸ்டாப் சுவரிலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் பார்த்திருப்பீர்கள். 'முதியோர், படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆண், பெண் அட்டெண்டர்கள் கிடைக்கும். 12 மணி நேரம், 24 மணி நேரம்.' கீழே ஒரு செல்போன் நம்பர். அதைப் படித்துவிட்டு யாரும் திடுக்கிட்டு நின்றதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் 2023 ஏப்ரலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. சில நாட்களில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் இந்த ஊரில் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923-இல். சரியாக நூறு ஆண்டு. 12 மணி நேரம் என்றதும் அவ்வளவு கோபம் வந்த ஊர் இது, வரவேண்டிய கோபம்தான். கம்பத்தில் ஒட்டியிருக்கும் 24 மட்டும் ஏன் நம் கண்ணை உறுத்தவில்லை?

நான் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது, வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது: சம்பளம், ஏஜென்சி கமிஷன், சாப்பாட்டுத் தட்டைத் தனியாக வைப்பது, நகை காணாமல் போனால் முதலில் யார் பையைத் திறந்து பார்க்கிறார்கள் என்பது. அவை ஒவ்வொன்றுக்கும் தனிக்கூட்டம் போடலாம். இன்று ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். ராத்திரி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். 2021-க்கு அரசே போட்ட மதிப்பீடு 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். பக்கவாதம் வந்தவரையும் இடுப்பு எலும்பு முறிந்தவரையும் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. 'இனிமேல் வீட்டிலேயே பார்த்துக்குங்க' என்று அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பும்போது ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி தருவார்கள். கடைசிப் பக்கத்தில், மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே, பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவும்.

அந்த ஒரு வரியை நிறைவேற்றுவதென்றால் என்ன என்று பார்ப்போம். அசையாமல் மல்லாந்து கிடக்கும் உடம்பின் பாரம் பிட்டத்துக்கு மேலே உள்ள எலும்பிலும் குதிகாலிலும் இறங்குகிறது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சிக்கிய சதைக்கு ரத்தம் போவதில்லை. புண் வருமுன் தோல் ஒரு எச்சரிக்கை கொடுக்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. பாடப் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது. நம்முடைய மாநிறத்திலும் கறுப்பிலும் இந்தச் சிவப்புச் சட்டென்று தெரியாது. அதனால் புறங்கையை வைத்துச் சூடு பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறேன். பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டித்திருக்கிறதா, கொழகொழவென்று அமுங்குகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு, பக்கத்து அறையில் தூங்குபவர்கள் எழுந்துவிடக் கூடாதென்று விடிவிளக்கு வெளிச்சத்தில் இதைச் செய்கிறார்கள்.

அடுத்தது புரட்டுவது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள்மூட்டு நழுவிவிடும். பழைய எட்டு முழ வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்கும் தோளுக்கும் கீழே விரித்து வைத்திருப்போம். டிராஷீட் என்போம். தனக்கு எதிர்ப்பக்கத்து முழங்காலை மடக்கி, வேட்டியின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, தன் முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி, உடம்பின் எடையைப் பின்னால் சாய்த்து இழுத்தால் எழுபது கிலோ மனிதரை ஐம்பது கிலோ பெண் ஒருக்களிக்க வைத்துவிடலாம். முதுகுக்கு ஒரு தலையணை, இரண்டு முட்டிகளுக்கும் நடுவில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு ஒன்று. யூரின் டியூப் தொடைக்கடியில் நசுங்கக் கூடாது, பை இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். டயப்பர் நனைந்திருந்தால் மாற்றி, துடைத்து, ஈரம் போக ஒற்றியெடுத்து, டிராஷீட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நீவிவிட வேண்டும். சுருக்கமே புண்ணாகும். இவ்வளவும் முடியும்போது பெரியவர் நன்றாக விழித்திருப்பார். தண்ணீர் கேட்பார். படுத்த வாக்கில் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். தலைமாட்டை உயர்த்தி, முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, ஒவ்வொரு ஸ்பூனாக, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். குடித்த பிறகு குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டால் நிறுத்திவிட வேண்டும்.

ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நான்குக்கு, காலை ஆறுக்கு. அந்த ஒரு வரியின் கணக்கு இது. நடுவில் இருமல் வந்தால், மலம் கழித்தால் அது வேறு கணக்கு.

இப்போது அதே வீட்டில் கேட்கும் இன்னொரு வாக்கியத்தைச் சொல்கிறேன். "ராத்திரியிலே என்ன வேலை இருக்கு? அவளும் தூங்கத்தானே செய்யறா." கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. காலையில் கதவைத் திறக்கும்போது அப்பா ஒருக்களித்துப் படுத்திருக்கிறார், கீழே பாயில் அந்தப் பெண் தலைமுடியை முடிந்துகொண்டிருக்கிறாள். இரவு நடந்ததன் அடையாளம் அறையில் எதுவும் இல்லை. நல்ல அட்டெண்டர் என்றால் அடையாளம் இருக்கவும் இருக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: டாக்டர் எழுதிய வரி நடந்திருந்தால் அவள் தூங்கவில்லை, அவள் தூங்கியிருந்தால் அந்த வரி நடக்கவில்லை. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியே இல்லை. அபார்ட்மெண்ட் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி நாற்காலியில் கண்ணயர்ந்தாலும் அவர் நைட் டூட்டியில் இருக்கிறார் என்றுதான் எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம். காலையில் அவர் வீட்டுக்குப் போய்ப் படுக்கிறார். மாடியில் பாயில் இருப்பவள் காலை ஆறரைக்குக் கஞ்சி வைக்கிறாள்.

புரட்டுவது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மறதி நோய் உள்ளவர்களுக்குப் பொழுது சாய்ந்தால் கலக்கம் அதிகமாகும். 'வீட்டுக்குப் போகணும்' என்று சொந்த வீட்டு வாசலிலேயே நிற்பார்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு விடியற்காலை மூன்று மணிவாக்கில் சர்க்கரை இறங்கலாம்; நெற்றி வியர்த்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க யாராவது வேண்டும். வயதானவர்களுக்குச் சிறுநீரில் கிருமி சேர்ந்தால் சில சமயம் காய்ச்சலே வராது, பேச்சுத்தான் முதலில் தடுமாறும்.

என்னிடம் பயிற்சி எடுத்த ஒரு பெண், எட்டாவது வரை படித்தவர், ஒருநாள் காலையில் எனக்குப் போன் செய்தார். "மேடம், தாத்தா ராத்திரி என்னை 'நீங்க'ன்னு கூப்பிட்டார்" என்றார். அவ்வளவுதான் செய்தி. அந்தப் பெரியவர் அவரை எப்போதும் 'வாம்மா, போம்மா' என்று ஒருமையில்தான் கூப்பிடுவார். வீட்டில் சொன்னபோது, மரியாதையாகக் கூப்பிட்டால் நல்லதுதானே என்று மருமகள் சிரித்திருக்கிறார். இந்தப் பெண் விடவில்லை. ரத்தப் பரிசோதனை செய்து பார்த்ததில் சோடியம் நன்றாக இறங்கியிருந்தது. தாத்தா ஆளை அடையாளம் தெரியாமல்தான் மரியாதை கொடுத்திருக்கிறார். எந்த மானிட்டரும் இதைச் சொல்லாது. நேற்றும் முந்தாநாளும் அதே நேரத்தில் விழித்திருந்த ஒருத்திக்குத்தான் இது தெரியும்.

இப்படி விழித்திருப்பது வேலைக் கணக்கில் வராத சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. வீட்டில் நடக்கும் பராமரிப்பு ஒரு பெரிய தொழிலாகவே வளர்ந்துவிட்ட அமெரிக்காவில் இதற்காக உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரிலிருந்து பணம் பெறும் நிறுவனத்தில் ஹோம் ஹெல்த் எய்டாகச் சேரக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் 16 மணி நேரம் மேற்பார்வையில் செய்முறை. நம்மைவிட நல்ல ஏற்பாடு. கூலி விஷயத்தில் மட்டும் ஒரு ஓட்டை. 1974-இல் வீட்டுப் பணியாளர்களைக் கூலிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, முதியவர்களுக்குத் துணையாக இருப்பவர்களை மட்டும் வெளியே விட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த விதி, ஏஜென்சி மூலம் போகிறவர்களையும் அந்த விலக்கில் சேர்த்தது. ஓவர்டைம் கிடையாது, குறைந்தபட்சக் கூலிக்கு உத்தரவாதமும் கிடையாது.

எவ்லின் கோக் என்பவர் ஜமைக்காவிலிருந்து நியூயார்க் போனவர். இருபது வருடம் இந்த வேலை பார்த்தவர், ஓவர்டைம் கூலியைப் பார்த்ததே இல்லை. 2002-இல் ஏஜென்சிமீது வழக்குத் தொடுத்தார். 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். விதி சரியா தவறா என்பதற்குள் அவர்கள் போகவில்லை. விதி போடத் தொழிலாளர் துறைக்கு அதிகாரம் உண்டு என்றார்கள். 2009-இல் எவ்லின் கோக் இறந்துபோனார். 2013-இல் துறை விதியை மாற்றியது. 2015-இல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூலையில் பழைய நிலைக்கே திரும்பும் முன்மொழிவை அதே துறை வெளியிட்டிருக்கிறது. வாங்கிய உரிமை கையிலேயே நிற்கும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கதையைக் குறித்துக்கொள்ளலாம்.

அதைவிட எனக்கு வியப்பாக இருப்பது நியூயார்க் மாநிலத்தின் ராத்திரிக் கணக்கு. அங்கே 24 மணி நேர ஷிப்டுக்கு 13 மணி நேரக் கூலி கொடுத்தால் போதும். எட்டு மணி நேரம் தூக்கம், மூன்று மணி நேரம் சாப்பாடு என்று பதினொன்றைக் கழித்துக்கொள்கிறார்கள். அந்த எட்டில் ஐந்து மணி நேரமாவது இடையூறில்லாத தூக்கமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. 2019-இல் மாநிலத்தின் உயர்மட்ட நீதிமன்றமும் இந்தக் கணக்குக்கு ஒப்புதல் கொடுத்தது. சரி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டிய நோயாளி இருக்கும் அறையில் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்குவது எப்படி? கணக்கிலேயே இடிக்கிறது. தூக்கம் கிடைக்காவிட்டால் முழுக் கூலி உண்டு என்று விதியும் சொல்கிறது. ஆனால் விழித்திருந்ததை யார் எழுதிவைத்தார்கள்? 2024-இல் நியூயார்க் சிட்டி ஹால் வாசலில் இதற்காக உண்ணாவிரதம் இருந்தவர்களில் பலர் சீனாவிலிருந்து குடியேறிய, வயதான பெண்கள். பல வருட 24 மணி நேர ஷிப்டுகளில் முதுகும் தூக்கமும் போய்விட்டவர்கள்.

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரிப் போனது. ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஒரு டாக்டர், ஆஸ்பத்திரியில் இரவு டூட்டியில் இருக்கும்போது அங்கே கொடுத்த அறையில் படுத்துத் தூங்கும் நேரமும் வேலை நேரமா என்று கேட்டார். வேலை நேரம்தான் என்று 2003-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. கூப்பிட்டால் எழுந்து வர வேண்டிய இடத்தில் இருக்கிறாரே, வேறென்ன வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பெர்லினில் 90 வயதைத் தாண்டிய ஒரு பாட்டியைப் பார்த்துக்கொண்ட பல்கேரியப் பெண்ணின் வழக்கில் ஜெர்மனியின் உச்ச தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021-இல். அவருடைய ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது வாரம் 30 மணி நேரம். பாட்டி வீட்டாருக்கு ஏஜென்சி கொடுத்த வாக்கு முழுநேரப் பராமரிப்பு. காத்திருக்கும் நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்றது நீதிமன்றம். டாக்டரின் தூக்கம் வேலை என்று ஒத்துக்கொண்ட 18 வருடத்துக்குப் பிறகு அட்டெண்டரின் தூக்கத்துக்கு மதிப்பு வந்தது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆஸ்பத்திரியிலும் வரிசை அப்படித்தான்.

நம் பக்கம் வருவோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் கொண்டுவந்த 189-ஆவது உடன்படிக்கை, வீட்டுப் பணியாளர் தன் விருப்பப்படி செலவிட முடியாமல், அழைத்தால் வரத் தயாராக இருக்கும் நேரத்தையும் அந்தந்த நாட்டுச் சட்டம் வரையறுக்கும் அளவுக்கு வேலை நேரமாகக் கொள்ள வேண்டும் என்கிறது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வும் கேட்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-இலிருந்து நல வாரியம் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிப் பட்டியலிலும் வீட்டு வேலையைச் சேர்த்திருக்கிறோம். அதே 2007-இல்தான் பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்ற மத்தியச் சட்டமும் வந்தது. பிள்ளையின் இடத்தில் நின்று அதைச் செய்கிறவளின் ராத்திரியைப் பற்றி அந்தச் சட்டம் பேசவில்லை.

இந்த இடத்தில் குடும்பங்களின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவளாவேன். பென்ஷன் வாங்கும் அப்பா, மாதச் சம்பளக்காரப் பிள்ளை. ஒரு அட்டெண்டர் வைப்பதற்கே மருந்துச் செலவைக் கத்தரிக்கிறார்கள். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று இரண்டு ஷிப்ட் போடு என்றால் எங்கே போவார்கள்? முன்பெல்லாம் இந்த ராத்திரியை மருமகளோ கல்யாணமாகாத மகளோ பார்த்துக்கொண்டாள். அதற்கு யாரும் விலை போட்டதில்லை. அதனால்தான் இப்போது விலை சொன்னால் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

வேலைக்குப் போகும் பெண்களில் பலரும் 24 மணி நேர டூட்டியைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவளுக்கு 12 மணி நேர டூட்டி என்றால் மீதி 12 மணி நேரம் இருக்க ஒரு இடம் வேண்டும். சென்னை வாடகையில் அது நடக்குமா? தங்கும் இடமும் சாப்பாடும் மிச்சம், மாசக் கடைசியில் ஊருக்கு ஒரு தொகை அனுப்பலாம், பெண்ணின் பீஸ் கட்டலாம் என்று கணக்குப் போட்டுத்தான் வருகிறாள். ஆகவே 24 மணி நேரத்தைத் தடை செய் என்று நான் கேட்கப் போவதில்லை. தடை செய்தால் முதலில் வேலை போவது அவளுக்கு.

நான் கேட்பது, ராத்திரியும் டூட்டிதான் என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்பது. ஒத்துக்கொண்டால் மற்றது பேரம். எங்கள் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுக்கிறோம். ராத்திரி எழுந்த ஒவ்வொரு தடவையும் மணி, காரணம், எந்தப் பக்கம் திருப்பினாள் என்று எழுத வேண்டும். '2.10, இடப்பக்கம், டயப்பர்.' '3.25, இருமல், உட்கார வைத்தேன்.' ஒரு வீட்டில் மகன் அதை உட்கார்ந்து முழுக்கப் படித்திருக்கிறார். மறு வாரம் முதல் இரவு பத்திலிருந்து இரண்டு மணிவரை தானே பார்த்துக்கொண்டார்; ஐ.டி. கம்பெனியில் அமெரிக்க நேரத்துக்கு வேலை, எப்படியும் விழித்திருப்பவர். இன்னொரு வீட்டில், "இதெல்லாம் எதுக்கு எழுதறே, கேஸ் போடப் போறியா?" என்று கேட்டு நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண் புது நோட்டு வாங்கினாளா என்றால் இல்லை. ஏஜென்சி அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டது.

பணம் இல்லாதவர்களும் செய்யக்கூடியது உண்டு. மதியம் நாலு மணி நேரம் அவளுக்குக் கதவு சாத்திய ஓர் அறை கொடுங்கள். அந்த நேரத்தில் 'ஒரு காபி போடேன்' என்று கூப்பிடாதீர்கள். வாரத்தில் ஓர் இரவை வீட்டார் எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் பெட் வாங்கினால் புரட்டவே வேண்டாம் என்று கடைக்காரர் சொல்வார், நம்பாதீர்கள். இடைவெளியைக் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஏஜென்சியில் பேசும்போது அவளுக்கு ஓய்வு கொடுக்க மாற்று ஆள், அதாவது ரிலீவர், எப்போது வருவார் என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். இது தருமம் இல்லை. இரவெல்லாம் விழித்தவள் காலையில் தருவது ரத்த அழுத்த மாத்திரையா சர்க்கரை மாத்திரையா என்பதும், பாத்ரூமில் உங்கள் அம்மாவின் கையை அவள் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்பதும் உங்கள் கவலை.

குடும்பமே எல்லாவற்றையும் சுமக்க முடியாது என்று கண்டுகொண்ட நாடுகள் உண்டு. ஜெர்மனி 1995-இலும் ஜப்பான் 2000-இலும் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீடு கொண்டுவந்தன. அவற்றிலும் ஆயிரம் குறை. பெர்லின் வழக்கே அதற்குச் சாட்சி. நம்மிடம் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பிசியோதெரபிஸ்டும் நோய்த்தணிப்பு நர்ஸும் வீடு தேடி வருகிறார்கள். பகலில் வருகிறார்கள். வாரம் ஓர் இரவுக்கு ஒரு ரிலீவரை அந்தத் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று நாங்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். வெளியே மேஜையில் இருக்கிறது, படித்துப் பார்த்து விருப்பமிருந்தால் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்விகளுக்கு முன்னால் ஒரு வேலை. மேடைக்குக் கீழே ஒரு கட்டில் போட்டிருக்கிறோம், டிராஷீட்டும் விரித்திருக்கிறது. நோயாளியாகப் படுக்க ஒருவர் வேண்டும், புரட்டிப் பழக இரண்டு பேர் வேண்டும். பெண்கள் எப்படியும் எழுந்து வருவார்கள், அவர்கள் உட்காரட்டும். முதல் வரிசையில் இருக்கும் ஆண்கள் யாராவது வாருங்கள். வாட்சையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு வாருங்கள், தோலைக் கிழித்துவிடும்.